இரண்டு தட்டு

பிழைக்கத் தெரியாதவள் என்று என் நாத்தனாரைச் சொல்லாத வாய் இந்தத் தெருவில் இல்லை. மருந்துக்கடைக்காரர் சொல்கிறார். மாடியில் டியூஷன் எடுப்பவர் சொல்கிறார். கூடப்பிறந்த தம்பியான என் கணவரே பெருமூச்சு விட்டுக்கொண்டு சொல்கிறார். முன்பெல்லாம் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது யாராவது சொன்னால், கையிலிருக்கும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் பேசுகிறேன். வைக்காமல் பேசினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது.

அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என் கணவரைவிட ஆறு வயது மூத்தவர். பெரிய ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டு அறையில் இருபத்துநான்கு வருடமாக வேலை. கட்டுச் சுருளை வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்து, லேசாகப் பிழிந்து, உடைந்த கையைச் சுற்றி உருட்டிக்கொண்டே போவார். அப்போது விரல் நுனி படவே படாது, உள்ளங்கை மட்டும்தான். விரல் பட்ட இடத்தில் பள்ளம் விழும், அது காய்ந்ததும் உள்ளேயிருக்கும் தோலை அரிக்கும் என்பார். கட்டை வெட்டி எடுக்கும் ரம்பத்தைப் பார்த்து அலறும் குழந்தைகளுக்கு, ஓடுகிற ரம்பத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "பாரு, இது சுத்தாது, சும்மா ஆடும். உன் தாத்தா தலையாட்டற மாதிரி" என்பார். குழந்தை தாத்தாவைத் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதிக் கட்டு வெட்டியாகிவிடும்.

வேலை முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஜூடோ சொல்லிக்கொடுப்பார். "சாயந்திரம் உடைக்கறாங்க, காலையில கட்டறாங்க, நல்ல வியாபாரம்" என்று தெருவில் கேலி செய்வார்கள். அண்ணியும் சேர்ந்து சிரிப்பார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "பொண்ணு பாக்க வந்தவன் ஒருத்தனுக்கும் ஒழுங்கா விழத் தெரியலை."

பத்தொன்பது வயதில் தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்தபோது கற்றுக்கொண்ட வித்தை அது. பக்கத்துத் தொழிற்சாலைக்கு வேலையாக வந்திருந்த ஒரு ஜப்பானியப் பெண்மணி சனிக்கிழமைகளில் அங்கே சொல்லிக்கொடுத்தார். மூன்று வருடத்தில் அவர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். அண்ணி விடவில்லை. அப்புறம் எங்கெங்கோ ரயிலேறிப் போய்ப் பரீட்சை கொடுத்துக் கறுப்புப் பெல்ட்டும் வாங்கி வந்தார்.

ஜூடோ என்றால் மென்மையான வழி என்று அர்த்தமாம். அண்ணி இதைச் சொன்னபோது நான் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன். ஆளைத் தூக்கித் தரையில் அடிப்பதில் என்ன மென்மை வேண்டிக் கிடக்கிறது? அண்ணி கோபப்படவில்லை. "முதல்ல ரெண்டு பேரும் குனிஞ்சு வணக்கம் சொல்றோம்ல, அது எதுக்குத் தெரியுமா? எதிர்ல நிக்கறவன் இன்னிக்கு அவன் உடம்ப உன் கையில குடுக்கறான். நீ உன் உடம்ப அவன் கையில குடுக்கறே. வாங்கினதை வாங்கினபடியே திருப்பிக் குடுக்கணும். நீ நல்லா ஆகறதுக்கு அவன் வேணும், அவன் நல்லா ஆகறதுக்கு நீ வேணும். அவ்வளவுதான் இதுல இருக்கற பெரிய தத்துவம்" என்றார்.

வணிகர் சங்கக் கட்டடத்தின் மாடியில் வகுப்பு. கீழே சாலையைப் பார்த்த கடைகளில் ஒன்று என் தையற்கடை. பிள்ளைகள் போடும் கெட்டித் துணிச் சட்டைகளை நான்தான் தைத்துக் கொடுத்தேன். கழுத்துப் பட்டையில் நான்கு வரிசைத் தையல், கம்புக்கூட்டில் இரட்டைத் துணி. அப்படியும் மூன்று மாதத்தில் கிழித்துக்கொண்டு வருவார்கள். மேலே தடால் தடால் என்று விழும் சத்தத்தில் என் மெஷின் மேலிருக்கும் எண்ணெய்ச் சீசா ஆடும். முதல் மூன்று மாதம் விழுவதற்கு மட்டும்தான் பாடம். பின்னால் விழுவது, பக்கவாட்டில் விழுவது, உருண்டு விழுவது. வகுப்பு முடிந்ததும் ஈரத்துணியால் பாய் முழுவதையும் பிள்ளைகளே துடைக்க வேண்டும். வாசலில் செருப்புகள் கயிறு பிடித்த மாதிரி வரிசையாக நிற்கும்.

பெற்றவர்களுக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் ஆகவே ஆகாது. வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா இருக்கிறார். பேங்க் அம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் என் கடையில் உட்கார்ந்துகொண்டு, "மூணு மாசமா என் பையன் விழுந்துகிட்டே இருக்கான், எப்பங்க எந்திரிப்பான்?" என்று கேட்டார். ஆனால் நான்காவது மாதம் அவர்தான் ஊரெல்லாம் அண்ணி புகழ் பாடினார். பையன் போனைக் கீழே வைக்கிறானாம். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறானாம். "ஒழுக்கம்னா இதுதாங்க ஒழுக்கம்! பள்ளிக்கூடத்துல லட்சம் லட்சமா வாங்கிட்டு என்னத்தைச் சொல்லிக்குடுக்கறாங்க?" என்பார்.

ஒழுக்கம் என்ற வார்த்தை சங்கத் தலைவருக்கும் பிடித்துப் போயிற்று. இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், பேச்சில் வெண்ணெய் வழியும். 'இளைஞரிடம் ஒழுக்கம் வளர்ப்போம்' என்று ஒரு பெரிய பேனர் அடித்து மாடிச் சுவரில் மாட்டினார். அதில் அவர் முகம் எழுத்துகளைவிடப் பெரிதாக இருந்தது. அவர் மகனும் அங்கேதான் படித்தான். பதினேழு வயது. அப்பா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, "சாம்பியன்" என்பார். பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள், கொஞ்சம் வேறு குரலில்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த மாடியின் இரண்டு பழக்கங்களைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, தட்டுவது. பிடியில் மாட்டிக்கொண்டவர், இனி முடியாது என்றால், பாயிலோ எதிராளியின் உடம்பிலோ இரண்டு முறை தட்டுவார். தட்டிய அந்த நொடியே விட்டுவிட வேண்டும். ஜெயிக்கப் போகிற நேரம், இன்னும் ஒரு இழுப்பு என்றெல்லாம் பேச்சே கிடையாது. தட்டுவதில் அவமானமும் கிடையாது. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, வீட்டில் நாங்கள் சின்னது என்போம். அவள் அமுக்கிப் பிடித்தால் அண்ணியே தட்டுவார். கையை மடக்கிப் பூட்டும் பிடிகளைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே மாட்டார். அது பதினைந்து தாண்டியவர்களுக்கு மட்டும்.

இன்னொன்று, பெல்ட் கட்டுவது. நடுவில் பெல்ட் அவிழ்ந்தால் நின்ற இடத்தில் கட்டக்கூடாது. ஓரத்துக்குப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து மண்டியிட்டுக் கட்ட வேண்டும். எதிரில் இருப்பவருக்குத் தரும் மரியாதை அது. குருவுக்கும் அதே சட்டம்தான்.

அந்த வியாழக்கிழமை சாம்பியனுக்கு ஜோடியாக நின்றவள் தீக்குச்சி. பஸ் டிரைவரின் மகள், பதினாறு வயது, பார்க்க ஒடிசல். பிடித்தால் மட்டும் உடும்புதான். அன்று அவள் சாம்பியனை இரண்டு முறை தட்ட வைத்துவிட்டாள். மூலையிலிருந்து யாரோ சிரித்தார்களாம். மூன்றாவது முறை சாம்பியன் அவள் கையைப் பூட்டினான். அவள் தட்டினாள். அவன் விடவில்லை. மறுபடி தட்டினாள். அப்புறம் அவள் கத்தின சத்தம் கீழே மெஷினை மிதித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணி தன் கறுப்புப் பெல்ட்டை அவிழ்த்து அந்தப் பெண்ணின் கழுத்தில் தொட்டிலாகப் போட்டுக் கையைத் தாங்கவைத்திருந்தார். சாம்பியன் ஜன்னலோரம் நின்றுகொண்டு, "அவ தட்டலை, சத்தியமா தட்டலை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவரும் அவனைக் கேட்டிருக்கவில்லை.

முழங்கையில் தசைநார் கிழிந்து, எலும்பும் ஓரத்தில் பெயர்ந்திருந்தது. மறுநாள் காலையில் கட்டுப் போட்டதும் அண்ணிதான், தன் அறையில், தன் கையால். ஆயிரம் கைகளுக்குப் போட்டவர், அன்று எடுத்த முதல் சுருளை வாளியில் போட்டுவிட்டு எடுக்கவே மறந்துவிட்டாராம். அது வாளியிலேயே கல்லாகிவிட்டது என்று தீக்குச்சியின் அப்பா என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அண்ணி என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கட்டுகிற மாதிரி ஒரு வெள்ளைப் பெல்ட் தைத்துக் கொடு என்றார். யாருக்கு என்றேன்.

"எனக்குத்தான்."

"என்ன அண்ணி இது?"

"எனக்குக் கேட்டுச்சும்மா. ரெண்டு தட்டு. நல்லாக் கேட்டுச்சு. நான் சுவத்தைப் பாத்து பெல்ட் கட்டிட்டிருந்தேன். தட்டினா விட்டுடுவாங்கங்கிற நெனப்பு. இருபது வருஷமா விடாம இருந்தவன் ஒருத்தன் இல்லையே. அதனால முடிச்சை இறுக்கிட்டுத் திரும்பினேன். அந்த முடிச்சு போடற நேரந்தான்."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உடைச்சவன் அவன்."

"உடைச்சது அவன். முடிச்சு போட்டது நான்" என்றார். அந்தப் பெண்ணின் கை முழுதாக நீளும்வரை கறுப்பைக் கட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்தவன் தெம்பாகத் தெருவில் பைக் ஓட்டுகிறான், இவர் தனக்குத் தானே தண்டனை எழுதிக்கொள்கிறார்! இருந்தும் தைத்துக் கொடுத்தேன்.

சாம்பியனை ஆறு மாதம் வகுப்பை விட்டு நிறுத்தி, காரணத்தையும் எழுதி விளையாட்டுச் சங்கத்துக்கு அனுப்பினார் அண்ணி. அதே கடிதத்தில் தன் முடிச்சையும் எழுதினார். மாடி வணிகர் சங்கத்தினுடையது என்பதால் ஒரு நகல் தலைவருக்கும் போயிற்று. சாம்பியன் இரண்டு மாதத்தில் மேல்மட்டப் போட்டிக்குப் போக வேண்டியவன். அந்தக் கடிதம் அப்படியே இருந்தால் அவன் போக முடியாது. தலைவர் மறுநாளே என் கடைக்கு வந்துவிட்டார். அண்ணி அப்போது கிழிந்த சட்டைகளைக் கொடுக்க வந்திருந்தார்.

"டீச்சர், பசங்கன்னா முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும். அந்தப் பொண்ணு வைத்தியச் செலவு முழுக்க நான் பாத்துக்கறேன். நீங்க ஒரு வரி மாத்தி எழுதிக்குடுங்க. அந்தப் பொண்ணு தட்டலை, அதனாலதான் இவன் விடலை. முடிஞ்சுது கதை."

"தட்டினாளே சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலை. கேட்டேன்."

"சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். அதுவும் நெசம்தான்."

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் அவர் பக்கம்தான் என்பதுபோல. "சொந்த வாயாலேயே மாட்டிக்கறாங்க பாருங்கம்மா" என்றார். பிறகு கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டிவிட்டு, "கடை ஒப்பந்தம் இந்த வருஷத்தோட முடியுதுல்ல?" என்று மிகவும் அன்பாக விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் பெற்றோர் கூட்டம் என்றும், தட்டினதை யாராவது கேட்டிருந்தால் அங்கே வந்து சொல்லட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பதினெட்டுப் பிள்ளைகள் அன்று பாயில் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. கேட்காமல் இருக்காது, பாயில் தட்டினால் அந்தக் கட்டடத்துக்கே கேட்கும். ஆனால் நாள் முழுக்கக் காலை வணக்கமும் பூப்படமுமாகக் கொட்டும் பெற்றோர் வாட்ஸ்அப் குழு மூன்று நாளாக மூச்சுவிடவில்லை. "அண்ணி, நீங்களே பிள்ளைங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றேன். அவர் ஒரே அடியாக மறுத்துவிட்டார். "நான் கூப்பிட்டு அவங்க வந்து சொன்னா, அது நான் சொன்னதாத்தான் இருக்கும். அவங்களா சொன்னாத்தான் உண்டு. நான் என்ன சொல்லிக்குடுத்திருக்கேன்னு எனக்கும் தெரியட்டும்."

பேங்க் அம்மா வழியில் பார்த்து, "எதுக்குங்க நமக்கு வம்பு? நம்ம பிள்ளை படிப்பு முக்கியம் இல்லையா?" என்றார். ஒழுக்கம் ஒழுக்கம் என்று ஓயாமல் பேசின வாய்! ஒழுக்கம் என்றால் இவர்களுக்கு என்ன? தட்டைக் கழுவி வைப்பது, போனைக் கீழே வைப்பது, பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து நிற்பது. இவர்களுக்குச் சௌகரியமாக இருக்கிற அளவுக்குப் பிள்ளைக்கு முதுகெலும்பு வேண்டும், அதற்கு மேல் ஓர் அங்குலம் வளர்ந்தாலும் வெட்டிவிட வேண்டும். இப்படி மனதுக்குள் அந்த அம்மாவைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. சின்னது கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, "அம்மா, நான் கேட்டேன்ல, ஞாயித்துக்கிழமை சொல்லவா?" என்றது.

"வாயைத் திறந்தே, தோலை உரிச்சுடுவேன்" என்றேன்.

"அத்தைக்கு யாருமே இல்லையேம்மா."

"உங்க அத்தைக்கு மாசச் சம்பளம் வருது. எனக்குக் கடை இருந்தாத்தான் சோறு. புரியுதா?"

அது புரிந்த மாதிரி தலையாட்டியது. அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பொறுக்காமல் நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு ஏறினேன். பாய் முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலிகள். சங்கத்து ஆட்கள் செருப்பும் ஷூவுமாக நடந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தினமும் மண்டி போட்டுத் துடைக்கிற பாய்! பிள்ளைகள் மட்டும் வாசலிலேயே கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். நான் கழற்றவில்லை. எல்லோரும் போட்டிருந்தார்கள், நானும் போட்டுக்கொண்டு நடந்தேன். சின்னது என் காலைப் பார்த்தது.

அண்ணி சுவரோரம், அந்தப் பேனருக்குக் கீழே, வெள்ளைப் பெல்ட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். தீக்குச்சி தன் அப்பாவோடு முதல் வரிசையில், கையில் கட்டோடு. கழுத்தில் அந்தக் கறுப்புப் பெல்ட் இன்னும் தொட்டிலாகத் தொங்கியது. சாம்பியன் வரவில்லை. அவனுக்குத் தலைவலி என்று தலைவர் சொன்னார்.

சங்கச் செயலாளர் அண்ணியின் கடிதத்தை உரக்கப் படித்தார். முடிச்சுப் பகுதி வந்ததும் இரண்டு முறை படித்தார். "தன் கவனக்குறைவைத் தானே ஒப்புக்கொள்கிறார்" என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். தீக்குச்சி எழுந்து, "நான் தட்டினேன். நாலு வாட்டி" என்றாள். "நீ சொல்லத்தானேம்மா செய்வே, உக்காரு" என்றார் தலைவர், பரிவாக. அந்தப் பரிவுக்கே ஓர் அறை கொடுக்கலாம். பிறகு நிமிர்ந்து, "வேற யாராவது கேட்டீங்களா? தைரியமாச் சொல்லலாம். இங்க யாரும் யாரையும் பயமுறுத்தலை" என்றார்.

பேனர் மட்டும் காற்றில் படபடத்தது. நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையின் தோளிலோ கையிலோ பெரியவர் கை ஒன்று இருந்தது. சும்மா அன்பாக வைத்திருப்பது போலத்தான் இருந்தது.

என் கையும் அப்படித்தான் இருந்தது. சின்னது நாற்காலியில் முன்னால் நகர்ந்ததும் என் விரல்கள் தாமாகவே அதன் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டன. அது இழுத்துப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக் கெஞ்சவும் இல்லை. இன்னொரு கையைத் தூக்கி, என் கைமேல் மெதுவாக, இரண்டு முறை தட்டியது.

அந்த மாடியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எத்தனை நூறு முறை என் தலைக்கு மேல் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கடை, ஒப்பந்தம், சோறு எல்லாம் ஞாபகம் வந்தது, எதுவும் மறந்துவிடவில்லை. என் கை பிரிந்துவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் உடனே விடவில்லை, ஒரு முடிச்சு போடுகிற நேரம் ஆயிற்று.

சின்னது எழுந்தது. "நான் கேட்டேன். அக்கா தட்டினாங்க. ரெண்டு, அப்புறம் மறுபடி ரெண்டு. அண்ணா விடலை. டீச்சர் அப்ப பெல்ட் கட்டிட்டிருந்தாங்க, லேட்டாத்தான் திரும்பினாங்க. அதுவும் உண்மை." சொல்லிவிட்டுக் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தது. வீட்டில் அத்தை, மாடியில் டீச்சர் என்ற கணக்கை அந்த நேரத்திலும் அது மறக்கவில்லை. அண்ணி சுவரோரம் உட்கார்ந்தபடியே, தனக்கு எதிரில் நிற்பவருக்குக் குனிவதுபோல், அதற்குத் திருப்பிக் குனிந்தார். முகத்தை நிமிர்த்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்போதுதான் எனக்குப் பின்னால் கேட்டது. துணிமேல் கை படும் சின்னச் சத்தம். தட், தட். நான் திரும்பினேன். பேங்க் அம்மாவின் மகன். அம்மாவின் கை அவன் தோளை அழுத்திக்கொண்டிருக்க, அவன் கை அவர் முழங்கையின் மேல் இருந்தது. அவர் நேராகத் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மறுபடியும் தட்டினான். அந்த வரிசையில் யாரும் எழுந்திருக்கவில்லை.

"டீச்சரோட தம்பி பொண்ணுதானேம்மா இது? சொந்தக்காரங்க சாட்சி செல்லாது" என்றார் செயலாளர். நாலைந்து பேர் சிரித்தார்கள். கூட்டம் முடிந்தது.

அடுத்த வாரம் மாடிக்குப் பூட்டு விழுந்தது. கவனக்குறைவான பயிற்சியாளரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்று ஓர் அறிவிப்பு. அண்ணியின் கடிதமே அதற்கு ஆதாரம். உண்மையை எழுதியவரை அவர் உண்மையை வைத்தே அடித்தார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. சாம்பியன் போட்டிக்குப் போனான். மெடலும் வாங்கி வந்தான். தெரு முனையில் அப்பாவும் மகனும் சேர்ந்து நிற்கும் புதுப் பேனர் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கடையை நான்தான் காலி செய்தேன். அவர் காலி செய்யச் சொல்லும்வரை காத்திருக்க என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. இப்போது வீட்டு முன்னறையில் தைக்கிறேன். கூட்டம் குறைவுதான், ஆனால் எண்ணெய்ச் சீசா ஆடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அண்ணி ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் உடற்பயிற்சிச் சிகிச்சை அறையைக் கொடுத்தார்கள். பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். ஓர் அறை, எட்டுப் பாய், ஓரத்தில் ஊன்றுகோல் அடுக்கு. சின்னது போகிறது. தீக்குச்சியும் போகிறாள். அவளுடைய முழங்கை முழுதாக நீள இன்னும் ஒரு விரற்கடை பாக்கி. கறுப்புப் பெல்ட்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாளாம். அண்ணி வாங்கி அலமாரியில் வைத்தார். இடுப்பில் இன்னும் வெள்ளைதான்.

இதைக் கேட்டுத்தான் எல்லோரும் பிழைக்கத் தெரியாதவள் என்கிறார்கள்.

போன வாரம் பேங்க் அம்மா வந்திருந்தார், மகனுக்குப் பள்ளிக்கூடக் கால்சட்டை தைக்க. ஒரு வருடத்தில் பையன் ஒரு சாண் வளர்ந்துவிட்டான். அவர் அவன் தோளில் கை வைத்து நேராக நிற்கச் சொன்னார். அவன் தோளைச் சற்றே நகர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றான். வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கேட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுக்கமே இல்லை என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இடுப்பளவு எடுத்தேன், தொடையளவு எடுத்தேன்.

"உங்க நாத்தனாரு மட்டும் கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருந்தா இன்னிக்கும் அந்த மாடியில இருந்திருப்பாங்க. பாவம், பிழைக்கத் தெரியாதவங்க" என்றார் கடைசியில்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு உங்க பையன் உங்க கையில தட்டினான்" என்றேன். "ரெண்டு. அப்புறம் மறுபடி ரெண்டு. எனக்குக் கேட்டுச்சு."